ஈரக் கை

பொன்னுச்சாமியிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். "தொட."

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் மொத்தமும் விழுந்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து கண் தெளிந்தபோது, அறுபத்து மூன்று வருஷம் பேசிய வாயில் அது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பசித்தாலும் தொட. தூக்கம் வந்தாலும் தொட. மகள் சத்யப்பிரியா மதுரையிலிருந்து ஓடிவந்து கட்டிலருகே நின்று அழுதபோதும் அவளை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னது தொடதான்.

சாயல்குடிப் பக்கத்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்குள் மூன்று சொற்கள் ஒளிந்திருந்தன. துடை என்பதைத் தொட என்றுதான் அங்கே சொல்வார்கள். காலின் தொடையும் தொடதான். தொடாதே என்று சொல்ல வந்து நாக்கு பாதியில் மடங்கிப் போனாலும் காதில் விழுவது தொடதான். ஆஸ்பத்திரியில் கை காலை நீட்டி மடக்கிவிட வந்த பெண் வலி என்று நினைத்து அவர் தொடையை நீவிவிட்டாள். சத்யப்பிரியா வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். மனைவி நாகலெட்சுமிக்கு மூன்றாவதாக உள்ளதுதான் கேட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு நாள் அவரைச் சோதித்துப் பார்த்தாள். சாவியைக் காட்டினாள், டம்ளரைக் காட்டினாள், நாகலெட்சுமியைக் காட்டி இது யார் என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்.

"சில பேருக்கு இப்படி ஒத்தச் சொல்லு நின்னுரும்மா. அதிகமாச் சொல்லிப் பழகின சொல்லாவும் இருக்கலாம். அர்த்தம் தெரிஞ்சு சொல்றாரா, இருமல் மாதிரி தானா வருதான்னு நம்மளால சொல்ல முடியாது."

அதிகமாக எதைச் சொல்வார் என்று அவள் கேட்டிருந்தால் நாகலெட்சுமியால் உடனே பதில் சொல்லியிருக்க முடியும். அவள் கேட்கவில்லை.

பொன்னுச்சாமி பன்னிரண்டு ஏக்கர் மானாவாரியில் குண்டு மிளகாயும் மல்லியும் போட்ட சம்சாரி. பங்காளி கூத்தையாவோடு வரப்புத் தகராறு வந்து, அரிவாள் வரைக்கும் போய், ஊர்க்கூட்டத்தில் அடங்கியது. வரப்பு இவர் பக்கமே நின்றது. ஆனால் அன்றிலிருந்து அவர் சலூனுக்குப் போவதை நிறுத்தினார். "எவன் முன்னாலயும் கழுத்த நீட்டி ஒக்கார மாட்டேன்" என்றார். எய்ட்ஸ் பயத்தில் சலூன்காரர்கள் பாதியாக ஒடித்த பிளேடை மாட்டும் கத்திக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. சாயல்குடி பஜாரில் கடை வைத்திருந்த காளிராஜ், தன் அப்பா காலத்து மடக்குக் கத்தி ஒன்றையும் அதைத் தீட்டுகிற தோல்வாரையும் அவரிடம் கொடுத்தான்.

அன்று முதல் முப்பத்தோரு வருஷம் செவ்வாய் வெள்ளி தவிர எல்லாக் காலையிலும் கிழக்குச் சன்னலில் சாய்த்து வைத்த கண்ணாடி முன்னால் அவரே மழித்துக்கொண்டார். மழிப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதற்குப் பிறகு கத்தியோடு இருந்த நேரம் அதிகம். ஊர்த் தண்ணீர் உவர். போர் தண்ணீரில் நனைத்த இரும்பு எதுவும் ஒரு நாள் தாங்காது. முகத்துக்கு அந்தத் தண்ணீர், கத்திக்கு நல்ல தண்ணீர். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குழாயில் காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடந்து, தள்ளுவண்டியில் குடம் அடுக்கி நாகலெட்சுமி கொண்டுவரும் தண்ணீர். குடிப்பதற்கே அளந்து ஊற்றும் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி கத்திக்கு. பிடிக்குள் ஈரம் இறங்காமல் அலகை மட்டும் அதில் அலசுவார். பழைய வேட்டித் துணியை மடித்து, முதுகுப் பக்கமிருந்து கூரான வாய்ப் பக்கமாகத் துடைப்பார். நீளவாக்கில் இழுத்தால் துணியும் போகும், கூரும் போகும். பிறகு சன்னல் கம்பியில் வாரை மாட்டி, முதுகு முன்னால் போக வாய் பின்னால் வர, பத்துப் பன்னிரண்டு இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் போய்விடும் என்பார். கடைசியாகத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பொட்டு. அதற்கப்புறம்தான் மடக்குவார்.

இவ்வளவும் நடக்கும்போது நாகலெட்சுமி நல்ல தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றாள். ஒரே ஒரு தடவை, கத்தி வந்த புதிதில், அவர் துணியைத் தேடுவதைப் பார்த்து உதவியாக இருக்கட்டும் என்று கத்தியை எடுத்துவிட்டாள்.

"தொடாத! ஒன் கை ஈரக் கை."

அவள் கை ஈரக் கைதான். மாட்டுத் தொட்டி, குடம், பாத்திரம், பிள்ளை என்று அந்தக் கை காய்ந்திருந்த நேரம் குறைவு. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை கத்தியோடு நிற்கவில்லை. விதை மிளகாய்ப் பானையைத் தொடாத, ஈரக் கை. பத்திரப் பெட்டியைத் தொடாத. ரேடியோவைத் தொடாத. வருஷம் போகப் போக ஈரக் கை என்று காரணம் சொல்வதும் நின்று, தொடாத மட்டும் இருந்தது. அவர் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட ஒன்றரை மாதத்தில் தாடி மண்டிக் கழுத்தை மூடியது. ஊட்டும் கஞ்சி அதில் சிக்கிக் காய்ந்து நாறியது. நாகலெட்சுமி காளிராஜை வரச் சொன்னாள். அவன் பையோடு பைக்கில் வந்து இறங்கினான்.

"அண்ணே, காளிராஜ்ணே. கத்தி குடுத்த காளிராஜ். தாடையத்தான காட்டச் சொல்றேன், ஒங்க நெலத்தையா எழுதிக் கேக்குறேன்?"

பொன்னுச்சாமி பல்லைக் கடித்தார். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழுத்தை முறுக்கினார். "தொட! தொட!"

"தொடக்கூடாதுங்குறாரு" என்று காளிராஜ் பின்வாங்கினான். "யக்கா, முறுக்குற கழுத்துல கத்தி வச்சா நான் நேரா ஜெயிலுக்குத்தான் போகணும். இருக்கட்டும் விடு. ராமேஸ்வரத்துல கொண்டுபோய் ஒக்கார வச்சா வடநாட்டுச் சாமியாருன்னு கால்ல விழுவாய்ங்க."

அவன் போனதும் நாகலெட்சுமி சுவர் அலமாரியிலிருந்து தகர டப்பாவை இறக்கினாள். கையை மூன்று முறை துடைத்தாள். நான்காவது முறையும் துடைத்துவிட்டுத்தான் கத்தியை விரித்தாள். அவர் கத்தியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். கழுத்தை முறுக்கவில்லை.

முதலில் கத்திரிக்கோலால் தாடியைக் குறைத்தாள். சோப்பை நுரைத்துப் பூசி, தோலை இழுத்துப் பிடித்து, காதோரம் தொடங்கிக் கீழே வந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. முப்பத்தோரு வருஷம் செம்போடு நின்றவளுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது? கழுத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். தொண்டை எலும்பு கத்திக்குக் கீழே மேலும் கீழும் போய்வந்தது. ஊரில் ஒருவனையும் நம்பாத மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கிடந்தார். நம்பிக்கையா, முடியாமையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் நேரமும் அதுவல்ல.

முடித்ததும் அவர் ஆரம்பித்தார். "தொட."

முகத்தைத் துடைத்தாள். "தொட." வாயோரம் துடைத்தாள். கழுத்தில் ஒட்டிய மயிரைத் துடைத்தாள். "தொட. தொட." அவர் இடது கண் அவளைத் தாண்டி எங்கோ போனது. திரும்பிப் பார்த்தாள். சன்னல் திண்டில் கத்தி நுரையோடு கிடந்தது.

நல்ல தண்ணீர் ஒரு கரண்டி எடுத்து அலசினாள். வேட்டித் துணியால் முதுகிலிருந்து வாய்க்குத் துடைத்தாள். வாரை மாட்டி இழுத்தாள். எண்ணெய்ப் பொட்டு வைத்தாள். மடக்கித் திரும்பிப் பார்த்தபோது அவர் பேசாமல் இருந்தார்.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. சத்யப்பிரியா மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றை அவளும் அவள் கணவன் வினோத்குமாரும் விசாரித்து வைத்திருந்தார்கள். நாகலெட்சுமிக்கு இடுப்பில் தட்டு விலகியிருந்தது. ஆறடி உடம்பை நாளைக்கு எட்டுத் தடவை புரட்டிப் போட்டால் அவளும் ஒரு நாள் விழுந்துவிடுவாள் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"அம்மா, அய்யாவுக்கு ஆள் தெரியல. யாரு பெரட்டிப் போட்டாலும் அவருக்கு ஒண்ணுதான்" என்பது சத்யப்பிரியாவின் பேச்சு.

"தெரியுதுடி" என்றாள் நாகலெட்சுமி அன்று.

"என்ன தெரியுது?"

"கத்தியத் தொடைக்காமப் போட்டாத் தெரியுது. தொடன்னு சொன்னதெல்லாம் அதான். தொடச்சு வச்ச ஒடனே வாய மூடிட்டாக."

சத்யப்பிரியா சொன்னாள், "சரிம்மா. அய்யாவுக்குத் தெரியுதுன்னா நான் இனிமே இல்லத்தப் பத்திப் பேசல. தெரிஞ்ச மனுஷனக் கொண்டுபோய் விட எனக்கு மட்டும் மனசு வருமா?"

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாகலெட்சுமி அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டதைப் போல எதையும் பார்த்துக்கொண்டதில்லை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள். "அலசியாச்சு. தொடச்சாச்சு. இந்தா வார்ல இழுக்குறேன், எண்ணிக்கங்க. எண்ணெ வச்சாச்சு. மடக்கவா?" கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவரிடம் அவ்வளவு வார்த்தை பேசியதில்லை. அவர் பேசவிட்டதும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள். "ஏத்தா, குடிக்கிற தண்ணியிலயா கத்தியக் குளிப்பாட்டுற? நேத்து என் பேரனுக்கு ஒரு செம்பு கேட்டதுக்குக் குடம் காலிங்குற!"

"அவுக கேக்குறாக மதினி."

"அவரு கேட்டாரு, நீ கேட்ட. போகுற போக்குல அந்தக் கத்திக்குப் பவுடர் பூசிப் பொட்டும் வச்சிருவ."

நாகலெட்சுமி சிரித்தாள். இடுப்பு வலிக்கு அந்தச் சிரிப்பு நல்லதாக இருந்தது. துடை என்பதுதான் அந்தச் சொல் என்றால் தொடாத என்பது அல்ல. முப்பத்தைந்து வருஷத்துக்கு மிஞ்சியது தொடாத இல்லை என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

பொங்கல் லீவுக்கு சத்யப்பிரியா வந்தாள். அம்மா குனிந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் சேவ் பண்ணிவிடுறேன், நீ ஒக்காரு" என்றாள். மறுநாள் காலையில் மதுரையிலிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் ரேசரால் வழித்துவிட்டு, அதைக் குப்பையில் போட்டாள். துடைக்க எதுவும் இல்லை.

"தொட" என்றார் பொன்னுச்சாமி.

நாகலெட்சுமி கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இப்போது என்ன செய்வார் என்று பார்த்தாள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்திவிட்டார். சத்யப்பிரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம்."

"என்னடி நாலு நிமிஷம்?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒன்றுமில்லை என்று விடுகிறவள் இல்லை அவள். அடுத்த நாள் நாகலெட்சுமி மடக்குக் கத்தியால் மழித்து, அலசி, துடைத்து, வாரில் இழுத்து, எண்ணெய் வைத்து மடக்கும் வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாலேகால் நிமிஷம்மா."

"தொடச்சதும் நிறுத்திட்டாகள்ல?"

"இல்லம்மா. நீ தொடச்சதுக்கு அப்புறமும் அஞ்சு தரம் சொன்னாரு. நீ வார்ல மும்முரமா இருந்த, ஒன் காதுல விழுகல." சத்யப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "முகத்துல கைபட்டு எடுத்ததும் ஆரம்பிக்கிறாரு. நாலு நிமிஷத்துல ஓஞ்சுபோறாரு. நீ கத்தி வேலைய முடிக்கவும் அதே நேரம்தான் ஆகுது."

"அப்ப அந்தக் கத்தியப் பாத்தது?"

"சன்னல் பக்கம் வெளிச்சம் வருதும்மா. வெளிச்சத்தப் பாக்குறாரு."

நாகலெட்சுமி டப்பாவை அலமாரியில் ஏற்றினாள். மகள் பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சத்தம் இடையில் நின்று, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மறுபடியும் பாத்திரச் சத்தம். ஊருக்குப் புறப்படும்போது மகள் இல்லத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. இன்னும் இரண்டு பிளாஸ்டிக் ரேசரை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை நாகலெட்சுமி ஒரு காரியம் செய்தாள். மழித்து முடித்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் அலசவில்லை. போர் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து, விரித்தபடியே, அவர் இடது கண்ணுக்கு நேராகச் சன்னல் திண்டில் வைத்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே சாக்கை விரித்து மிளகாய்க் காம்பு கிள்ள உட்கார்ந்தாள்.

"தொட" என்று தொடங்கினார். அவள் அசையவில்லை. சொல்லி, சொல்லி, நிறுத்தினார். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அது எத்தனை நிமிஷம் என்று தெரிந்தது.

பத்து மணிக்கு அலகில் சொட்டுகள் காய்ந்து வெள்ளைப் பொட்டுகளாயின. கடல் காற்று சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் கத்தியைப் பார்த்தார். சன்னலைப் பார்த்திருக்கவும் கூடும். ஒரு காக்கை திண்டில் வந்து உட்கார்ந்து பறந்தது. அதையும் பார்த்தார். அன்று முழுக்க நான்கு முறை நாகலெட்சுமி தன்னை அறியாமல் எழுந்து, துணியை எடுக்கக் கை நீட்டி, மறுபடி உட்கார்ந்தாள். அவரைச் சோதிக்க வைத்த கத்தி அவளைத்தான் படுத்தியது. ஈரமான இரும்பைப் பார்த்து நிலைகொள்ளாமல் தவிக்கும் ஒருவர் அந்த அறையில் இருந்தார் என்றால் அது அவள்தான்.

மறுநாள் செவ்வாய், மழிக்கும் நாள் இல்லை. கத்தி அங்கேயே கிடந்தது. புதன்கிழமை காலையில் கத்தியின் வாயோரம் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அவள் அதை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பாருங்க. துரு ஏறிப்போச்சு. ஒங்க கத்தி. நான்தான் இப்படி ஆக்குனேன். ஈரக் கையால எடுத்திருக்கேன், இந்தா. ஏதாச்சும் சொல்லுங்க. திட்டவாச்சும் செய்யிங்க."

பொன்னுச்சாமி கத்தியைப் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. அவள் கத்தியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவர் கொட்டாவி விட்டார்.

அவள் பஸ் ஏறிச் சாயல்குடிக்குப் போனாள். காளிராஜ் கத்தியை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"யக்கா, என்ன பண்ணுனீக? அண்ணன் முப்பது வருஷம் வச்சிருந்ததுல ஒரு புள்ளி விழுந்ததில்ல. தொடைக்க மறந்துட்டீகளா?"

"மறக்கல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கல்லில் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் தேய்த்துக் கொடுத்தான். "மேல உள்ள துரு போயிருச்சு. ஆனா வாயில குழி விழுந்திருச்சுக்கா. குழி போற வரைக்கும் தேய்ச்சம்னா கத்தி பாதியாத்தான் மிஞ்சும். அண்ணனுக்குப் பிளாஸ்டிக்கே பாத்துக்கங்க. வீம்புக்கு இத வைக்காதீக."

அவள் வீம்புக்கு வைத்தாளா, வேறு எதற்காவது வைத்தாளா என்று சொல்வதற்கில்லை. வியாழக்கிழமை காலையில் பிளாஸ்டிக் ரேசர் அலமாரியிலேயே இருந்தது. மடக்குக் கத்தி வலது தாடையில் இறங்கும்போது குழி விழுந்த இடம் தோலைப் பற்றியது. அரை விரல் நீளத்துக்கு ரத்தம் வந்தது. அது உணர்ச்சி இல்லாத பக்கம். அவர் முகம் மாறவில்லை.

"தொட" என்றார்.

ரத்தத்தைத் துடைத்தாள். "தொட." கத்தியை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தாள். "தொட." போர்வையை விலக்கி வலது தொடையை நீவிவிட்டாள், இடது தொடையையும் நீவிவிட்டாள். "தொட." கடைசியாகக் கட்டிலை விட்டு எழுந்து சுவரோரம் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "தொடல. பாருங்க, தொடல."

"தொட" என்றார் பொன்னுச்சாமி. இன்னும் சில தடவை சொன்னார். நிறுத்தினார். இந்தத் தடவை அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

துடை இல்லை. தொடை இல்லை. தொடாதேயும் இல்லை. அவ்வளவு வருஷம் தன்னைத் தள்ளி வைத்த வார்த்தை அது இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். நிம்மதி வரவில்லை. தொடாதே என்று சொல்வதற்கும் உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

மத்தியானம் மகளுக்குப் போன் போட்டாள்.

"சத்யா, அந்த இல்லத்துல எடம் எப்ப இருக்குன்னு கேட்டுச் சொல்லு."

"ஏம்மா? இடுப்பு ரொம்ப வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

"அய்யாவுக்குத் தெரியுதுன்னியே?"

"எனக்குத்தான்டி தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

பதினோரு நாளில் இடம் கிடைத்தது. இல்லத்திலிருந்து வேன் வந்தது. சத்யப்பிரியாவும் மலிகா என்ற உதவியாளப் பெண்ணும் வந்திருந்தார்கள். மலிகாவுக்கு முப்பது வயது இருக்கும். கலகலப்பானவள். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "வாங்கய்யா, மதுரைக்கு டூர் போவம்" என்றாள். மூன்று மணி நேரம் வேனில் உட்கார நாகலெட்சுமியின் இடுப்பு இடம் தராது. சனிக்கிழமை வழியில் இறங்கி நின்று பஸ் மாறி மாறி வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அன்று காலையிலும் அவளே மழித்துவிட்டிருந்தாள். குழி இல்லாத பக்கமாகப் பார்த்துப் பார்த்து, கழுத்தைப் பிளாஸ்டிக்குக்கு விட்டு. காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தியைப் பையில் வைப்பதா வேண்டாமா என்று நின்றபோது சத்யப்பிரியா பார்த்துவிட்டாள்.

"கத்தியெல்லாம் உள்ள விடமாட்டாங்கம்மா. அங்கன எல்லாருக்கும் மெஷின்தான்."

"சும்மா கேட்டேன்" என்றாள் நாகலெட்சுமி. அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

டிரைவரும் மலிகாவும் தூக்கி வேனுக்குள் படுக்க வைத்தார்கள். மலிகா அவர் வாயோரத்தை ஒரு தாளால் ஒற்றி எடுத்தாள். முகத்தில் கை பட்டது.

"தொட."

"என்னய்யா? தொடையா? தொட வலிக்குதா? இங்கனயா? இந்தப் பக்கமா?" மலிகா பதறி அவர் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகினாள். தொடையை மெதுவாகப் பிடித்துவிட்டாள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் விடாமல் தலையணையை ஏற்றியும் இறக்கியும் வைத்தாள், பெல்ட்டைத் தளர்த்தினாள், பேச்சுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் வாய் அடங்கியது.

மலிகா முகம் மலர்ந்து திரும்பினாள். "பாத்தீங்களாம்மா? தலகாணி வச்சதும் நிறுத்திட்டாரு. சொல்லத் தெரியுது அய்யாவுக்கு. நாமதான் புரிஞ்சுக்கணும்."

சத்யப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகலெட்சுமி, "ஆமாம்மா" என்றாள். "தலகாணி நல்லா வச்சு விடு."

வேன் கண்மாய்க் கரை திரும்பி மறைந்தது. பஞ்சம்மாள் வேலியோரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். நாகலெட்சுமி கட்டிலில் கிடந்த ரெக்சின் விரிப்பை உருவிப் போர் தண்ணீரில் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டாள். தரையைக் கழுவிவிட்டாள். இனி அவசரமாகச் செய்ய ஒன்றும் இல்லை.

கத்தி சன்னல் திண்டில் காலையில் விரித்து வைத்தபடியே கிடந்தது. வேன் வந்த பரபரப்பில் அலசியதோடு விட்டிருந்தாள். அலகும் பிடியும் சேருமிடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. இனி அதற்கு ஒரு தாடையும் இல்லை.

பழைய வேட்டித் துணியையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துவந்து திண்டில் வைத்தாள். கத்தியை எடுக்கப் போன கை நின்றது. அவள் அதை முந்தானையில் துடைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு முறை துடைத்துவிட்டு எடுத்தாள்.